வெர்னா ஹாக்லுண்ட் குறை சொன்ன நாள்

வெர்னா ஹாக்லுண்ட் ஐம்பத்தெட்டு வயது வரைக்கும் யாரைப் பற்றியும் குறை சொன்னதில்லை. எங்கள் கெட்டில் லேக்கில் இது பெரிய சாதனையில்லை. மினசோட்டாவின் வடக்குக் கோடியில் பிறந்தவர்களுக்கு இது தாய்ப்பாலோடு வருவது. ஆனால் வெர்னா இதில் எங்களையெல்லாம் மிஞ்சியவள். பல் வைத்தியர் ஒருமுறை வலிக்கிற பல்லை விட்டுவிட்டுப் பக்கத்துப் பல்லைப் பிடுங்கிவிட்டார். "பரவாயில்ல டாக்டர், அதுவும் கொஞ்ச நாளா சும்மாதான் இருந்துச்சு" என்று சொல்லிவிட்டு, வலிக்கிற பல்லோடு வீட்டுக்குத் திரும்பி, அவருக்கு நன்றி அட்டை ஒன்று அனுப்பினாள்.

முப்பத்தொரு வருடம் பள்ளிப் பேருந்து ஓட்டினாள். அதில் இரண்டு குளிர்காலம் முழுக்க வண்டியின் ஹீட்டர் வேலை செய்யவில்லை. வெர்னா ஒரு கோட்டின் மேல் இன்னொரு கோட்டைப் போட்டுக்கொண்டாள். பின்னால் பல் கிட்டிக்கொண்டிருந்த பிள்ளைகளிடம் குளிர்காற்று நுரையீரலுக்கு நல்லது என்றாள். ஹீட்டர் கெட்டுப்போன செய்தி பள்ளிக்கூடத்துக்குத் தெரிந்தது, அந்த வண்டியை ஏலத்தில் எடுத்தவன் வந்து கத்தியபோதுதான். அவன் வெளியூர்க்காரன்.

எங்கள் பேச்சைப் பழகாதவர்களுக்கு ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இங்கே ஒருவர் "மோசமில்ல" என்றால் உச்சி குளிர்ந்துவிட்டது என்று பொருள். "கொஞ்சம் வேற மாதிரி இருக்கு" என்றால் யாராவது ஓடிப்போய்த் தீயணைப்பு வண்டியைக் கூப்பிட வேண்டும். இதற்கு மேலே சொல்ல எங்களிடம் வார்த்தை கிடையாது. இதுவரை தேவைப்பட்டதும் இல்லை.

இப்படிப்பட்ட ஊரில்தான் கேலன் ஸ்டோர்டால் வீடு கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தான். மாநிலக் கட்டுமான வாரியம் கொடுத்த உரிமம் பெற்றவன். உரிம எண்ணை வண்டியின் இரண்டு பக்கமும் ஓர் அடி உயரத்துக்கு எழுதி வைத்திருப்பான். தேவாலயப் பாடகர் குழுவில் அடிக்குரல். கேலன் கெட்டவன் என்றால் இந்தக் கதை சுலபமாக முடிந்திருக்கும். அவன் நல்லவன். வெர்னாவின் கணவன் ஆர்லன் இறந்த வருடம், யாரும் கேட்காமலே வந்து அவள் வாசல் பனியைத் தள்ளிவிட்டுப் போனான். அதற்குப் பிறகு ஐந்து குளிர்காலம் தள்ளினான். ஒரு கோப்பை காபிக்கு மேல் எதையும் வாங்கிக்கொள்ளவில்லை. அவனுடைய ஒரே பலவீனம், கட்டுமானம்.

மூன்று வருடத்துக்கு முன்னால் அவன் வெர்னாவுக்கு ஏரியைப் பார்த்தபடி ஒரு பின்னறையும், அதை ஒட்டி ஆளுயரத்துக்கு ஒரு மரமேடையும் கட்டிக்கொடுத்தான். முதல் வருடம் அறைக் கதவு சாத்த மறுத்தது. இரண்டாம் வருடம் திறக்க மறுத்தது. ஜன்னல் மூலையில் காளான் முளைத்தது. வெர்னா அதற்கு முன்னால் ஒரு பூந்தொட்டியை வைத்தாள். காளான் தொட்டியைத் தாண்டி வளர்ந்தபோது பெரிய தொட்டி வாங்கினாள். மேடை ஏரிப் பக்கமாகச் சரிந்தது. விருந்தினர் வந்தால், "சுவத்தோரமா உக்காருங்க, அந்தப் பக்கம் காத்து ஜாஸ்தி" என்பாள். ஒரே நேரத்தில் இரண்டு பேருக்கு மேல் வெளியே விடமாட்டாள். மூன்றாவது ஆளுக்கு அடுப்படியில் ஏதாவது வேலை கொடுப்பாள்.

கடைசியில், தன் வழக்கத்தையே உடைத்துக்கொண்டு, கேலனுக்கு ஒரு கடிதம் எழுதினாள். ஊரே பிற்பாடு மனப்பாடம் செய்துவிட்ட கடிதம் அது:

"அன்புள்ள கேலன், அறைக்கு மறுபடியும் நன்றி. ஏரி ரொம்ப நன்றாகத் தெரிகிறது, முன்பு தெரியாத கோணத்தில்கூடத் தெரிகிறது. உன்னைத் தொந்தரவு செய்ய எனக்கு மனமே இல்லை. இந்தப் பக்கம் எப்போதாவது வந்தால், வேறு வேலை இல்லையென்றால், மேடையை ஒரு பார்வை பார்க்கலாம். சுவரும் மேடையும் சேரும் இடத்தில் இப்போது என் கை நுழைகிறது. அவசரமே இல்லை. எலுமிச்சை பிஸ்கட் செய்து வைத்திருக்கிறேன். வெர்னா."

கேலன் வந்தான். பிஸ்கட் சாப்பிட்டான். கடிதத்தைச் சட்டம் போட்டுத் தன் அலுவலகத்தில் உரிமத்துக்குப் பக்கத்தில் மாட்டினான்.

இதோடு போயிருக்கும். டெக்சாஸிலிருந்து டக்கெட் தம்பதி இங்கே குடிவந்து, கேலனைக்கொண்டே ஒரு மேடை கட்டியதுதான் வினை. ஜூலையில் ஒரு மத்தியானம் அந்த மேடை, இறைச்சி சுடும் அடுப்போடும் திரு. டக்கெட்டோடும் சேர்ந்து, புல்தரையில் வந்து உட்கார்ந்தது. அவருக்குக் கால் இரண்டு இடத்தில் முறிந்தது. அவர்கள் கேலனுக்கு பிஸ்கட் செய்யவில்லை. நேராக மாநில வாரியத்துக்குப் புகார் எழுதினார்கள், புகைப்படத்தோடு. ஊர் அதிர்ந்து போனது. "கீழ விழுந்தது சரி. அதுக்காக எழுத்துல கொடுக்கறதா?" என்று தேவாலயத்துக் காபி நேரத்தில் நாங்கள் கேட்டுக்கொண்டோம்.

வாரியம் கேலனின் உரிமத்தை ரத்து செய்யலாமா என்று விசாரிக்க நாள் குறித்தது. நவம்பர் மூன்றாவது வாரம், வியாழக்கிழமை. வாரியத்தின் வக்கீல் மன்சினி நியூ ஜெர்சிக்காரர், வேகமாகப் பேசுபவர். கேலன் கட்டிய வீடுகளையெல்லாம் சுற்றிப் பார்க்கக் கிளம்பினார். பதினோரு வீட்டில் காபி குடித்தார். பதினோரு வீட்டிலும் "குறை ஒண்ணும் இல்ல" என்றார்கள். பன்னிரண்டாவது வெர்னா வீடு. அவள் காபி எடுக்க உள்ளே போனபோது அவர் பூந்தொட்டியை நகர்த்தினார். மறுநாளே சாட்சி சம்மன் வந்தது. அதே வாரத்தில் கேலனும் வந்து, "வெர்னா, உன்னை என் பக்கச் சாட்சியா போட்டிருக்கேன். உன் கடிதம் போதும், என் உரிமம் தப்பிச்சிடும்" என்றான். வெர்னா இரண்டு பேரிடமும் சரி என்றாள்.

இது வரைக்கும் அவளுக்குத் தூக்கம் கெட்டதாகத் தெரியவில்லை. கெட்டது பிரிட்டா விஷயத்தில்தான்.

பிரிட்டா அவள் மகள். ஊருக்கு மேற்கே, தன் வீட்டு மாடியில் குழந்தைகள் காப்பகம் நடத்துகிறாள். பன்னிரண்டு பிள்ளைகள், எல்லாம் ஐந்து வயதுக்குக் கீழே. மாடியிலிருந்து இறங்க இரண்டாவது வழி ஒன்று டிசம்பர் ஒன்றாம் தேதிக்குள் இருந்தாக வேண்டும், இல்லையென்றால் காப்பகத்தை மூட வேண்டும் என்று அவளுக்கு ஓலை வந்திருந்தது. அந்த இரண்டாவது வழியை, மாடி உயரத்துக்கு ஒரு மேடையும் படியுமாக, கேலன்தான் கட்டிக்கொண்டிருந்தான்.

விசாரணைக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை வெர்னா மகள் வீட்டுக்கு, இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்து அடுப்பில் சுட்டெடுக்கிற எங்கள் ஊர் ஹாட்டிஷ் பாத்திரத்தோடு போனாள். பாத்திரத்தைக் கையில் வைத்துக்கொண்டே மேடைக்கு அடியில் போய் அண்ணாந்து பார்த்தாள். மேடையைச் சுவரோடு பிடிக்கும் பலகையில் ஒரு போல்ட் கூட இல்லை. வெறும் ஆணி. மழைத்தண்ணீர் உள்ளே இறங்காமல் தடுக்கத் தகடும் இல்லை. தன் வீட்டில் தினமும் பார்க்கும் அதே வேலை, ஒரு மாடி உயரத்தில்.

உள்ளே போய், உருளைக்கிழங்கு ஆறிப்போகும் வரை காத்திருந்துவிட்டுச் சொன்னாள்: "பிரிட்டா, மேடை கொஞ்சம் வேற மாதிரி இருக்கு."

பிரிட்டா முள்கரண்டியைக் கீழே வைத்தாள். இந்த ஊர்ப் பெண்தானே, அவளுக்கு முழுசாகப் புரிந்தது. "அம்மா, எனக்கு இப்ப அது வேற மாதிரி இருக்க நேரமில்ல. ஒண்ணாம் தேதிக்குள்ள மேடை நிக்கலேன்னா பன்னெண்டு வீட்டுக்காரங்களும் பிள்ளைங்கள வேற இடத்துல விட்டுடுவாங்க. திரும்பி வரமாட்டாங்க. நீ எதையும் கிளப்பிவிடாதே."

"நான் ஏன் கிளப்பறேன்? ஹாட்டிஷ்ல உப்பு சரியா இருக்கா?"

"மோசமில்ல" என்றாள் பிரிட்டா, கண்ணைத் துடைத்துக்கொண்டு.

வியாழக்கிழமை வட்டார நீதிமன்றத்தின் கீழ்த்தள அறை நிரம்பிவிட்டது. அதாவது கடைசி நான்கு வரிசை நிரம்பிவிட்டது. முன்வரிசைகளில் உட்காரும் அளவுக்கு எங்களில் யாரும் துணிந்தவர்கள் இல்லை. ஊன்றுகோலோடு வந்த திரு. டக்கெட் மட்டும் முதல் வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார். நீதிபதி எங்ஸ்ட்ரம் அம்மாள் நாற்பது மைல் தள்ளி ஒரு பால்பண்ணையில் பிறந்தவர். மூக்குக்கண்ணாடிக்கு மேலாக எல்லாரையும் ஒருமுறை பார்த்துவிட்டு, வழியில் பனி எப்படி என்று விசாரித்துவிட்டு, ஆரம்பிக்கலாம் என்றார்.

மன்சினி வெர்னாவை அழைத்தார்.

"உங்க மேடை பாதுகாப்பா இருக்காம்மா?"

வெர்னா யோசித்தாள். "ஏரி நல்லா தெரியும்."

"சரிஞ்சிருக்கா?"

"ஏரிப் பக்கம் கொஞ்சம் ஆர்வமா இருக்கு."

"ஜன்னல்ல காளான் முளைச்சிருக்கு. நானே பார்த்தேன்."

"அக்டோபர்லதான்" என்றாள். பிறகு, சத்தியம் செய்திருப்பது நினைவுக்கு வர, "நவம்பர்லயும்" என்றாள்.

"இது மோசமான வேலைன்னு சொல்வீங்களா, மாட்டீங்களா?"

"இதவிட மோசமா இருந்திருக்கலாமே."

மன்சினி தன் காகிதங்களை ஒருமுறை மேசையில் தட்டி அடுக்கிவிட்டு உட்கார்ந்தார். நியூ ஜெர்சியில் இந்நேரத்துக்குள் இரண்டு பேர் அடித்துக்கொண்டிருப்பார்கள் என்று நினைத்திருப்பார்.

கேலனின் வக்கீல் லைல் ஓபெர்க் எங்கள் ஊர்க்காரர். சட்டம் போட்ட கடிதத்தை ஞானஸ்நானக் குழந்தையைப் போல இரண்டு கையாலும் ஏந்தி வந்தார். உரக்கப் படித்தார். "ஏரி ரொம்ப நன்றாகத் தெரிகிறது." "அவசரமே இல்லை." "பிஸ்கட்." படித்து முடித்து, "நீதான எழுதின, வெர்னா?" என்றார்.

"நான்தான்."

"கேலன் மேல உனக்கு ஏதாவது குறை இருக்கா?"

கேலன் அவளைப் பார்த்துச் சின்னதாகச் சிரித்தான். ஆர்லனின் சவப்பெட்டியைத் தூக்கிய தோள் அவனுடையது.

"குறைன்னு சொல்றதுக்கில்ல" என்றாள் வெர்னா.

ஓபெர்க் கடிதத்தை நீதிபதியிடம் கொடுத்துவிட்டு உட்கார்ந்தார். எங்ஸ்ட்ரம் அம்மாள் அதை மெதுவாகப் படித்தார். 'தொந்தரவு செய்ய எனக்கு மனமே இல்லை' என்ற இடத்தில் அவர் விரல் நின்றது. 'என் கை நுழைகிறது' என்ற இடத்தில் முகம் வெளுத்தது. பால்பண்ணைக்காரர் அல்லவா, இந்தக் கடிதம் போடுகிற கூச்சல் அவருக்குக் கேட்டுவிட்டது.

"திருமதி ஹாக்லுண்ட்" என்றார். "இதைப் படிச்சா எனக்கு ஒண்ணு புரியுது. ஆனா எனக்குப் புரியறது பதிவுல ஏறாது. நீங்க வாயால சொல்றது மட்டும்தான் ஏறும். இப்ப ஏறியிருக்கறது 'குறை இல்ல'ங்கறது. பதினஞ்சு நிமிஷம் இடைவேளை. யோசிச்சுப் பாருங்க."

நடைக்கூடத்தில் காபி வைத்திருந்தார்கள். கேலன் இரண்டு கோப்பை எடுத்து, ஒன்றை அவளிடம் கொடுத்தான்.

"ரொம்ப நன்றி வெர்னா. நீ கைவிட மாட்டேன்னு தெரியும்."

"ம்."

"பிரிட்டா மேடை சனிக்கிழமை முடிஞ்சிடும். திங்கக்கிழமை பிள்ளைங்கள ஏத்திடலாம். முதல்ல எல்லாத்தையும் மேடையில நிக்கவெச்சு ஒரு போட்டோ எடுக்கணும்னு சொல்லியிருக்கேன். விளம்பரத்துக்கு ஆச்சு."

"எல்லாத்தையுமா?"

"பன்னெண்டும்."

வெர்னா காபியை ஊதினாள். அது ஏற்கெனவே ஆறியிருந்தது. "அங்க போல்ட் போடறதா ஏதாவது யோசனை..."

"போல்ட்டெல்லாம் நகரத்துக்காரனுக்கு வர்ற பயம். உன் வீட்டுல ஆணிதான் போட்டேன். மூணு வருஷமா நிக்குதா இல்லியா? அதே மாதிரிதான்." அவள் தோளில் தட்டிவிட்டு உள்ளே போனான்.

வெர்னா காபியைக் குடிக்காமல் கீழே வைத்தாள். எங்கள் ஊரில் ஊற்றிய காபியைக் குடிக்காமல் வைத்ததை நான் பார்த்தது அன்றைக்குத்தான்.

உள்ளே வந்து, யாரும் கூப்பிடாமல், சாட்சிக் கூண்டுக்குப் போய் நின்றாள். "ஜட்ஜம்மா, ஒரு சின்ன விஷயம். ரொம்பச் சின்னது. நேரம் இருந்தா."

"இருக்கு."

"இந்த வருஷம் பனி சீக்கிரம் விழும்போல."

"ஆமாம்" என்றார் நீதிபதி, பொறுமையாக. மன்சினி வாயைத் திறந்தார். நீதிபதி விரலைத் தூக்கினார். அவர் வாயை மூடினார்.

வெர்னா கைப்பையைத் திறந்து, மடித்த காகிதத் துண்டு ஒன்றை எடுத்துப் பிரித்தாள். உள்ளே நான்கு துருப்பிடித்த ஆணிகள். "இது என் மேடையில சுவத்துப் பலகையில இருந்தது. காலைல எடுத்தேன்."

"எதால இழுத்தீங்க?" என்று கேட்டார் நீதிபதி.

"இழுக்கல. விரலால தொட்டேன். வந்துடுச்சு." அவள் கேலன் பக்கம் திரும்பினாள். கழுத்து சிவந்துவிட்டது. இரண்டு கையாலும் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டாள். "கேலன், நீ கட்டினது சரியில்ல. என் வீட்டுல சரியில்ல. பிரிட்டா வீட்டுலயும் சரியில்ல. அதுல பன்னெண்டு பிள்ளைங்க ஏறப்போறாங்க."

அறையில் காபி கலக்கிக்கொண்டிருந்தவர்கள் கலக்குவதை நிறுத்தினார்கள். பாதிரியாரின் மனைவி பின்னிக்கொண்டிருந்த கையுறையில் மூன்று கண்ணி நழுவியது. கடைசி வரிசையில் பிரிட்டா எழுந்து, அம்மாவைப் பார்க்காமல், வெளியே போனாள்.

கேலனுக்குக் கோபம் வரவில்லை. அவன் அடிபட்ட ஆளைப் போல இருந்தான். "இத ஏன் வெர்னா எங்கிட்ட முன்னாடியே சொல்லல?"

"சொன்னேனே. நீ அதுக்குச் சட்டம் போட்டு மாட்டிட்ட."

"நான் நன்றிக் கடிதம்னு நெனச்சேன்."

"நன்றியும் சொல்லித்தான் எழுதியிருந்தேன்" என்றாள் வெர்னா.

நீதிபதி அங்கேயே இடைக்கால உத்தரவு போட்டார்: பிரிட்டா வீட்டு வேலை அந்த நிமிஷத்திலிருந்து நிற்க வேண்டும், மறுநாள் காலை வாரியத்தின் பொறியாளர் போய்ப் பார்க்க வேண்டும்.

மறுநாள் காலை, பொறியாளர் வருவதற்கு முன்னாலேயே கேலன் தன் வண்டியோடு அங்கே நின்றான். வண்டி நிறைய உப்பு மூட்டை, தண்ணீர் சுத்திகரிக்கிற இயந்திரத்துக்குப் போடுகிற உப்பு. ஒரு மூட்டை நாற்பது பவுண்டு, ஒரு குழந்தை எடை. "பன்னெண்டு மூட்டை ஏத்திக் காட்டறேன். அப்புறம் பேசுங்க" என்றான். பொறியாளர் வேண்டாம் என்று சொல்லிக்கொண்டே காரிலிருந்து இறங்குவதற்குள் நாலு மூட்டை மேலே போய்விட்டது. பிரிட்டா மாடிக் கதவுக்கு உள்ளே, கைக்குழந்தை ஒன்றை இடுப்பில் வைத்தபடி நின்றாள். அம்மாவிடம் முந்தின நாளிலிருந்து பேசவில்லை. வெர்னா கீழே புல்தரையில் நின்றாள்.

ஐந்து. ஆறு. கேலன் மூட்டையைத் தோளில் வைத்துப் படியேறுவதும், மேடையில் போடுவதும், இறங்குவதுமாக இருந்தான். பொறியாளர் கையை ஆட்டிக் கத்தினார். ஏழு. "பாத்தீங்களா?" என்றான் கேலன். எட்டு. ஒன்பதாவது மூட்டையைப் போட்டுவிட்டு நெற்றியைத் துடைத்தான். சுவரிலிருந்து, ஆணி மரத்தை விட்டு வருகிற கிறீச்சொலி கேட்டது. நீளமாக.

"டேய் கேலன், உள்ள குதிடா!"

கத்தியது வெர்னா. அந்தக் குரல் முப்பத்தொரு வருடம் பேருந்துக்குள் இருந்தும் யாரும் கேட்டதில்லை. கேலன் யோசிக்காமல் மாடிக் கதவுக்குள் பாய்ந்தான். பிரிட்டா குழந்தையோடு பின்னால் நகர்ந்தாள். அவன் குதிகால் வாசல்படியைத் தாண்டியதும் மேடை சுவரை விட்டுக் கழன்று, படியையும் இழுத்துக்கொண்டு, ஒன்பது உப்பு மூட்டையோடு கீழே போனது. உப்பு முற்றம் முழுக்கப் பனியைப் போலப் பரவியது.

கேலன் மாடி வாசலில் உட்கார்ந்து கீழே பார்த்தான். பிறகு சட்டைப் பையிலிருந்து உரிம அட்டையை எடுத்து, பிரிட்டாவிடம் கொடுத்து, கீழே நிற்கிற பொறியாளரிடம் கொடுத்துவிடச் சொன்னான். இறுதி உத்தரவு ஜனவரியில் வந்தது: இரண்டு வருடம் உரிமம் நிறுத்தம், அபராதம், அவன் கட்டிய மேடைகள் எல்லாவற்றையும் வேறு ஆளை வைத்துச் சோதித்துத் திருத்தித் தரும் பொறுப்பு. பத்தொன்பது பக்கம். அதில் எந்த இடத்திலும் 'வேற மாதிரி' என்ற சொல் இல்லை.

ஆனால் அது ஜனவரியில். அன்று காலை பிரிட்டா அடுப்படி மேசையில் பன்னிரண்டு வீட்டுத் தொலைபேசி எண்களையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். காப்பகம் எப்போது திறக்கும் என்று தெரியாது. திறந்தாலும் எத்தனை பேர் வருவார்கள் என்று தெரியாது.

"ஒன்பது மூட்டைம்மா" என்றாள். "மூணு பிள்ளைங்க இன்னும் மேடைக்கு வந்தே இருக்கமாட்டாங்க."

வெர்னா எதிரில் உட்கார்ந்து, எண்கள் எழுதிய தாளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். "நான் பேசறேன். நீ குழந்தைக்குப் பால் குடு."

முதல் வீட்டுக்காரரிடம் அவள் நான்கு நிமிடம் வானிலை பேசினாள். அதற்குப் பிறகுதான் மேடைக்கு வந்தாள். இரண்டாவது வீட்டில் வானிலை இரண்டு நிமிடம். நான்காவது வீட்டில் யாரோ, "அப்படி என்னதான் ஆச்சு?" என்று கேட்டிருக்க வேண்டும், வெர்னா தொலைபேசியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, "மேடை சரியில்ல, ஆணி வெச்சு அடிச்சிருந்தான், விழுந்துடுச்சு, பிள்ளைங்க யாரும் அதுல இல்ல" என்று ஒரே மூச்சில் சொன்னாள். ஆறாவது வீட்டுக்குப் போன் போட்டபோது அவள் வானிலையைத் தொடவே இல்லை.